இளஞ்சிவப்பு முதுகுகள்

செலா ஃபொனுவா அழுதுகொண்டு வரவில்லை, கடுங்கோபத்தோடு வந்தாள். நியூசிலாந்தின் நேப்பியர் நகரிலுள்ள அந்த ஆய்வு நிலையத்தில் யாராவது முடிவுகளைத் திரித்ததாகப் புகார் எழுந்தால் விசாரிக்க வேண்டியவர் ரொவீனா மெக்ரா. அவருடைய அறைக்குத்தான் அவள் வந்தாள்.

"நான் எதையும் கட்டிவிடலை. என் பேராசிரியர் டெனிஸ் நம்பாம என்மேல புகார் கொடுத்துட்டாரு. மத்தியானம் விசாரணைக் குழு கூடுது. பட்டம் போனா விசாவும் போகும். அப்புறம் டோங்காவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"உட்காரும்மா," என்று ரொவீனா தேநீரை நகர்த்தி வைத்தார். "என்ன கண்டுபிடிச்சே, அதைச் சொல்லு."

செலா சொன்னாள். கறுப்பு ஆண் சுண்டெலிகளின் முதுகில் ஒரு திட்டு மழித்துவிட்டுத் தூரிகையால் தொடுவாள். முடியின் வேரைச் சுற்றியுள்ள நரம்பு செல்கள் அதை உணரும். இடப்பக்கம் தொட்டால் இடப்பக்கக் குழாயில் பால் கிடைக்கும், வலப்பக்கம் தொட்டால் வலப்பக்கம். எலி பழகியதும் விதியைத் தலைகீழாக்குவாள். ஐந்து வார விடலை எலிகள் சட்டென்று மாறிக்கொண்டன. எட்டு வாரத்து வளர்ந்த எலிகள் பழைய வழியிலேயே முட்டி மோதின. அவள் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது டெனிஸ் அதே சோதனையைத் தானே செய்து பார்த்தார். விடலைகளும் மந்தமாகத்தான் இருந்தன.

"டெனிஸ்தான் ஏதோ பண்ணிட்டாரு பாஸ்," என்றான் ரொவீனாவின் உதவியாளன் ஹெமி. அவனுக்கு எந்த வழக்கிலும் முதல் ஐந்து நிமிடத்தில் குற்றவாளி கிடைத்துவிடுவார். "பொறாமை."

"வாயைக் கட்டிக்கிட்டு வா, ஹெமி. பார்க்கலாம்."

டெனிஸ் எதையும் மறைக்கவில்லை. தான் சோதித்த எலிகளின் படங்களைக் காட்டினார். எல்லாம் பெண் எலிகள். மழித்த முதுகுகள் பளிச்சென்று இளஞ்சிவப்பாக இருந்தன.

"செலாவோட கூண்டு காலியா இருந்துச்சு. பக்கத்து ஆய்வுக்கூடத்து ஆலிஸ்டர்கிட்ட அஞ்சு வாரக் குட்டி கேட்டேன். கொடுத்தாரு. எடையும் போட்டேன், செலா தன் குட்டிங்களுக்குக் குறிச்சு வச்ச எடையோட ஒத்துப்போச்சு. அந்தப் பொண்ணைப் பழிக்கணும்னு எனக்கு ஆசையா?"

அந்த மனிதரின் முகத்தில் வருத்தம் உண்மையாகவே இருந்தது. ஹெமிக்கு ஏமாற்றம்.

அடுத்து ஆலிஸ்டரிடம் போனார்கள். அவர் முடி வளர்ச்சியை ஆராய்கிறவர். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டார். ஓர் எலியை எடுத்து முதுகை மழித்தார். தோல் சிலேட்டுப் பலகை போலக் கறுத்திருந்தது. உதட்டைப் பிதுக்கிக் கூண்டில் திரும்ப விட்டார்.

"இது கெட்டுப்போச்சு. முடி கிளம்பிடுச்சு." அடுத்த கூண்டிலிருந்து எடுத்ததை மழித்தார். இளஞ்சிவப்பு. "இதைப் பாருங்க, வேரெல்லாம் நிம்மதியாத் தூங்குது. தூங்கினாத்தானே எழுப்பிப் பார்க்க முடியும்?"

"பெண் எலி மட்டும்தான் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் ரொவீனா.

"ஆணுங்க ஒண்ணையொண்ணு கடிச்சுத் தோலைப் பாழாக்கிடும்."

"எங்க ரக்பி டீம் மாதிரி," என்றான் ஹெமி.

குழு கூடுமுன் ரொவீனா செலா, டெனிஸ், ஆலிஸ்டர் மூவரையும் தன் அறைக்கு அழைத்தார். செலாவின் படங்களையும் டெனிஸின் படங்களையும் மேசையில் பரப்பினார். செலாவின் விடலை எலிகள் அத்தனைக்கும் முதுகு கறுப்பு.

"ஆலிஸ்டர், டெனிஸுக்கு எலி கொடுத்தப்போ மழிச்சுப் பார்த்தீங்களா?"

"பின்னே? முதல் கூண்டு முழுக்கக் கறுத்துக் கிடந்துச்சு. கெட்டதை எப்படிக் கொடுக்கறது? அடுத்த கூண்டிலேர்ந்து நல்லதாப் பொறுக்கிக் கொடுத்தேன்."

"அதுங்க வயசு?"

"நாங்க தோலைத்தான் பார்ப்போம்."

"அதான் விஷயம்," என்றார் ரொவீனா. "அஞ்சு வாரத்துல முடி முளைக்கிற நேரம். வேர்ல கறுப்பு ஊறும், தோல் கறுத்துத் தெரியும். எட்டு வாரத்துல அது ஓஞ்சு இளஞ்சிவப்பாயிடும். நீங்க கெட்டதுன்னு ஒதுக்கினதுதான் டெனிஸ் கேட்ட குட்டிங்க."

"மூணு வாரத்துலயும் இளஞ்சிவப்புதானே?" என்றார் டெனிஸ்.

"அப்படின்னா எடை பாதிதான் இருந்திருக்கும். எட்டு வாரப் பெண் எலி, அஞ்சு வார ஆண் எலியோட எடைக்குக் கிட்டத்தட்ட வரும். அதனாலதான் உங்க தராசு உங்களை எச்சரிக்கலை."

டெனிஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அப்போ என் சோதனை குப்பை."

"இல்லை," என்றார் ரொவீனா. "வளர்ந்த எலிங்க மந்தமா மாறும்னு செலா சொன்னா. நீங்க குட்டின்னு நம்பி, வளர்ந்ததைச் சோதிச்சீங்க. மந்தமாத்தான் மாறிச்சு. அவ சொன்னதுல பாதியை நீங்களே நிரூபிச்சிருக்கீங்க."

செலாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "மீதிப் பாதி?"

டெனிஸ் குழுத் தலைவரிடம் தொலைபேசியில் பேசிப் புகாரைத் திரும்பப் பெற்றார். பிறகு அவளைப் பார்க்கக் கூச்சப்பட்டு, ஆலிஸ்டர் பக்கம் திரும்பினார்.

"அந்த மாதிரி கெட்டுப்போன அஞ்சு வாரக் குட்டிங்க இப்போ இருக்கா? எங்க ரெண்டு பேருக்கும் வேணும்."