கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை

சித்திரபுரத்துப் பள்ளிக்கூடத்தில் மூடுபனியும் படிக்க வரும். காலையில் ஜன்னல் வழியாக நுழைந்து, முதல் பெஞ்சில் சற்று உட்கார்ந்து பார்க்கும். கணக்குப் பாடம் என்று தெரிந்ததும் வந்த வழியே போய்விடும். நம்பாதவர்கள் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே ஐந்தாம் வகுப்புக்கு ஸ்ரீரஞ்சனி டீச்சர். பாலக்காட்டுக்காரர். வகுப்புச் சுவரில் சில விதிகளை எழுதி ஒட்டியிருந்தார். நேரத்துக்கு வர வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும். வீட்டில் தினமும் யாருக்காவது படித்துக் காட்ட வேண்டும். கடைசி விதிதான் கற்பகத்தைப் பயமுறுத்தியது: 'வகுப்பில் படித்தால் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும்.'

கற்பகத்தின் குரல் கொஞ்சம் சின்னது. அவள் கூப்பிட்டால், மடியில் படுத்திருக்கும் பூனைகூட வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடும்.

புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படிப்பாள். ஒரு வரி முடிவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து நெட்டை டின்டு கத்துவான்.

"கேக்கல டீச்சர்!"

"இன்னும் உரக்கப் படி கொழந்தே" என்பார் டீச்சர்.

"கேக்கல டீச்சர்!"

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். ஒவ்வொருவரும் வீட்டார் முன்னால் ஒரு பக்கம் படிக்க வேண்டும். கற்பகத்தின் அப்பா பொன்ராஜ் அதற்காகவே தேயிலை பேக்டரியில் லீவு சொல்லிவிட்டார். அப்பா முன்னால் டின்டு 'கேக்கல' என்று கத்தினால்? சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அம்மாவிடம் சொல்லி அழுதாள்.

அம்மா சந்தனம் கொழுந்து பறிப்பவர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"இதுக்கா அழுவுற? நாங்க எதுத்த மலையிலதான் கொழுந்து எடுக்கோம். நீ சாயங்காலம் லயத்து வீட்டு வாசல்ல நின்னு படி. கேக்கலன்னா நான் துண்ட ஆட்டுதேன்."

முதல் நாள் அம்மாவுக்குத் துண்டை ஆட்டி ஆட்டிக் கை வலித்துப் போனது. ஆனால் போகப் போகக் குரல் வளர்ந்தது. ஒருநாள் அவள் படித்த படிப்பில் பள்ளத்தாக்கில் நின்ற மூடுபனி நடுவகிடு எடுத்ததுபோல இரண்டாகப் பிரிந்தது. கீழே மேய்ந்துகொண்டிருந்த காட்டெருமை தலை நிமிர்ந்து, பாடம் முடியும்வரை மரியாதையாக நின்றது. மலைச்சரிவு முழுக்கக் கொழுந்து எடுத்த கைகள் அப்படியே நின்றன.

"ஏட்டி சந்தனம், உம் மகளா இது? உச்சி வரைக்கும் கேக்கு!"

மறுநாள் வகுப்பில் கற்பகம் அதே குரலில் படித்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"கேக்கல டீச்சர்!" என்றான் டின்டு.

"என்னடா இது! மலைக்குக் கேக்கறது, நோக்கு மட்டும் கேக்கலையா? விஷமம் பண்ணாதே!" டீச்சர் காதுக்கும் மலைச் செய்தி வந்திருந்தது.

மலைக்கு எட்டிய குரல் கடைசி பெஞ்சுக்கு எப்படி எட்டாமல் போகும்? கற்பகத்துக்குப் புரியவே இல்லை.

வீட்டில் அப்பாவுக்குப் படித்துக் காட்டும்போது வேறொரு தொல்லை. அவர் ஒரு விரலால் புத்தகத்தைக் கீழே இறக்குவார்.

"மொகத்தக் காட்டிப் படி புள்ள."

"காது எதுக்குப்பா இருக்கு?"

"அது கெடக்கு. நீ மொகத்தக் காட்டு."

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பேக்டரிக்குப் போனாள். கதவருகே நின்றாள். உள்ளே கொழுந்து அரைக்கும் ரோலர்கள் சுற்றின. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒருமுறை இடி ஒன்று, இங்கே வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று தேவிகுளத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறது.

அறையின் இந்த மூலையில் அப்பா. அந்த மூலையில் அவர் கூட்டாளி அழகுமலை மாமா. அப்பாவின் உதடுகள் அசைந்தன. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமாவின் உதடுகள் அசைந்தன. இப்போது அப்பா சிரித்தார். அத்தனை சத்தத்துக்கு நடுவே இரண்டு பேர், சத்தமே இல்லாமல், ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்!

கற்பகம் திறந்த வாயை மூட மறந்து நின்றாள். அப்பா வெளியே வந்ததும் கேட்டாள்.

"அவ்வளவு சத்தத்துல எப்படிப்பா கேக்குது?"

"யாருக்குக் கேக்குது? கேக்கல புள்ள, பாக்கோம்" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை வந்தது. வகுப்பு நிறைய அப்பாக்களும் அம்மாக்களும். பொன்ராஜ் கதவோரம் நின்றார். கற்பகம் எழுந்தாள். வழக்கம்போல் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்து, மலைக்குப் படிப்பதுபோல் படித்தாள்.

"கேக்கல டீச்சர்!"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரின் முகம் சிவந்தது. "டின்டு, எழுந்திரு!"

கற்பகம் புத்தகத்துக்கு மேலே எட்டிப் பார்த்தாள். டின்டு சிரிக்கவில்லை. கொக்குபோல் கழுத்தை நீட்டி, புத்தகத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

கேக்கல புள்ள, பாக்கோம்.

கற்பகம் புத்தகத்தை இறக்கினாள். துளிச் சத்தம்கூட இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்: "டின்டு, ஒம் மூக்குல பூச்சி."

யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. டின்டு மட்டும் பட்டென்று தன் மூக்கைத் தட்டிவிட்டான்.

கதவோரத்திலிருந்து பொன்ராஜ் வெடித்துச் சிரித்தார்.

மற்றவர்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். கிளம்பிக்கொண்டிருந்த மூடுபனிகூட ஜன்னலில் அப்படியே நின்றுவிட்டது.

கற்பகம் டின்டுவின் முன்னால் போய் நின்றாள். "காது கேக்கலையா ஒனக்கு?"

அவன் அவள் வாயைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "மழைக்காலத்துல இருந்து அடைச்சுக் கெடக்கு."

"வீட்ல சொல்லலையா?"

"சொன்னா ஊசி போடுவாங்கல்ல?"

அவன் அம்மா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். "அடப்பாவி மவனே! கூப்பிட்டா திரும்பாம இருக்கது திமிருன்னுல்ல நெனச்சேன்!"

ஸ்ரீரஞ்சனி டீச்சர் டின்டுவை முதல் பெஞ்சுக்குக் கூட்டி வந்தார். சுவரில் இருந்த கடைசி விதியை அடித்துவிட்டு, 'படிப்பவர் முகம் எல்லாருக்கும் தெரிய வேண்டும்' என்று எழுதினார்.

"இப்போ படி கொழந்தே."

கற்பகம் முகத்தைக் காட்டிப் படித்தாள். முடித்ததும் முதலில் கைதட்டியவன் டின்டு.

அடுத்த வாரம் டாக்டர் சொட்டு மருந்து விட்டு அவன் காதைத் திறந்துவிட்டார். ஊசியே போடவில்லை. மறுநாள் வகுப்பில் கற்பகம் பழக்கதோஷத்தில், பனியைப் பிளக்கும் அதே குரலில் ஆரம்பித்தாள்.

டின்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"கேக்குது டீச்சர்! கொஞ்சம் மெதுவாப் படிக்கச் சொல்லுங்க!"