கடலில் பெண்கள் பக்கம்

ஐந்தருவியில் அன்றைக்குத் தண்ணீர் கொட்டிய சத்தத்தில், பக்கத்தில் நின்று பேசினாலே காது கேட்காது. அங்கே நின்றுகொண்டுதான் சனோபர் மாலத்தீவுக்குப் போன் போட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்த அவளுடைய உம்மா சுல்தான் பீவி, தலையில் தண்ணீர் விழ விழ, "இப்பமே கேட்டுச் சொல்லுட்டீ" என்று அங்கிருந்தே கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். சனோபருக்குத் தென்காசியில் ஒரு டிராவல்ஸில் வேலை. துபாய்க்கும் தோஹாவுக்கும் ஊர் ஆண்களுக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுப்பவள் அவள். உம்மாவும் உம்மாவின் கூட்டாளிகளும் அந்த ஆண்களின் மனைவிமார். கூட்டத்தில் சங்கரேஸ்வரி அத்தைக்கு மட்டும் புருஷன் மிலிட்டரி. இவர்கள் எல்லாரும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டின் கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் போயிருக்கிறார்கள். வழியனுப்ப ஒரு தடவை, கூட்டிவர ஒரு தடவை. இந்த வருஷம் அந்தக் கதவுக்கு உள்ளே நாமே போய்விடுவது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதுவும் தண்ணீர் விளையாட்டு இருக்கிற தீவுதான் வேண்டுமாம்.

"ஹலோ... தென்காசி டிராவல்ஸ்ல இருந்து பேசுதேன். தண்ணி விளையாட்டு சொல்லிக் குடுக்கவங்கள்ல தமிழ் ஆளு ஒருத்தர் இருக்காருன்னு ஓட்டல்ல இந்த நம்பரக் குடுத்தாங்க."

"ஆமா, சொல்லுங்க. அஹ்சன் பேசுதேன்."

பேசுதேன்... அந்த 'தே'யைக் கேட்டதும் சனோபருக்கு ஒரு நிமிஷம் என்னவோபோல் இருந்தது. நடுக்கடலில் நம்ம ஊர்ப் பேச்சா?

"உங்க பின்னால என்ன சத்தம்? அலையா?" என்று கேட்டாள்.

"அருவி. நான் லீவுல வந்திருக்கேன். இப்பம் ஐந்தருவில நிக்குதேன்."

சனோபர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். சரி, வேலையை முடிப்போம் என்று கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"எங்க கூட்டம் பூராவும் பொம்பளைக. அந்தத் தீவுல, கடல்ல... பொம்பளைக பக்கம் எது?"

அவ்வளவுதான். போனில் ஒரு சிரிப்பு வெடித்தது. அதே சிரிப்பு நேரிலும் கேட்டது. மங்குஸ்தான் பழக்கடைக்கு முன்னால், ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி ஒருவன் போனைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான். குற்றாலம் பக்கத்துக்காரிதானே இப்படிக் கேட்க முடியும்? அருவிக்கு அருவி ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்து வைத்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தவள், கடலுக்கும் அப்படி ஒரு கம்பி இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

சனோபர் நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"சிரிச்சது நீங்கதான?"

அவன் நிமிர்ந்தான். சாரலில் நனைந்த இமைகள். அதற்குக் கீழே சிரிப்பு இன்னும் வடியாத இரண்டு கண்கள்... அவளைக் கண்டதும் அந்தச் சிரிப்பு மெதுவாக நின்றது. தோளிலிருந்த துண்டு நழுவியதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"எங்க உம்மா கூட்டத்துக்கு வேற தீவு கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். நடையில் கோபம் இருந்தது. நெஞ்சு எதற்கோ வேகமாக அடித்துக்கொண்டது.

மறுநாள் அவன் டிராவல்ஸ் வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பை மங்குஸ்தான்.

"சிரிச்சது தப்பு" என்றான். "செங்கோட்டைல எங்க உம்மாட்ட போயி இதச் சொன்னேன். அவுக சிரிக்கல. 'ஏம்ல, அப்பம் நான் அங்கன வந்தா எந்தப் பக்கம் குளிக்க?'ன்னு கேட்டாக. இத்தன வருசமா அங்கன வேல பாக்கேன்... உம்மா ஒருநாளும் வரலைங்கது அப்பம்தான் எனக்கு உறைச்சுது."

சனோபர் கணினியைப் பார்த்துக்கொண்டே, "உக்காருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் உட்காராத நாள் குறைவு. லீவில் வந்தவனுக்கு வேறு வேலையே இல்லையா என்று முதலாளி துல்கர்னைன் மாமா கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அவன் கண்டுகொள்ள மாட்டான். கயாக் படகு எப்படி ஓட்டுவது, பவளப்பாறை எங்கே இருக்கிறது, எந்த மாதம் கடல் கண்ணாடிபோலக் கிடக்கும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அவள் குறித்துக்கொள்வாள். அதாவது, குறித்துக்கொள்வதுபோல் குனிந்திருப்பாள்.

"தங்க, சாப்பிட, படகு, மீன் பாக்குதது... எல்லாமே இந்த பேக்கேஜுக்குள்ள அடக்கம், கேட்டோ."

"அடக்கம்னு உம்மாட்ட சொல்லிராதீக. யார் மவுத்தாப் போனாகன்னு பதறிருவாக."

அவன் சிரித்தான். இந்தத் தடவை அவளும் சிரித்தாள்.

ஒருநாள் நீர்க்கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் கொண்டுவந்தான். "மாட்டிப் பாருங்க. உங்க உம்மாவுக்குச் சொல்லிக் குடுக்கணும்லா. மூக்க மறந்துரணும். மூச்சு வாயாலதான்."

மாட்டினாள். குழாயைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தால் அவனைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பக்கவாட்டில் எல்லாம் இருட்டு. நடுவில் அந்த இரண்டு கண்கள்...

"இப்பம் பயப்படாம மெதுவா விடுங்க."

எங்கே விடுவது? மூச்சே மறந்துபோயிற்று. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "டீ சொல்லட்டா?" என்று எழுந்து போய்விட்டாள். வெளியே சாரல் தெருவை நனைத்துக்கொண்டிருந்தது. கன்னத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிறைய நேரம் அங்கேயே நின்றாள்.

இத்தனைக்கும் சனோபர் ஒரு சபதம் போட்டிருந்தாள். தெருவே அறிந்த சபதம். வெளிநாட்டுக்குப் போகிற மாப்பிள்ளையைக் கட்டமாட்டாள். வாப்பா அவளுக்கு விடுமுறையில் வந்து போகிற ஒரு மனிதர். அவர் வந்து அவளுக்குக் கூச்சம் தெளியும்போது பெட்டி கட்டியிருப்பார்கள். போன் மணி அடிக்கிற வெள்ளிக்கிழமைகளில் உம்மா பவுடர் போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்வாள். குரலுக்கு எதற்கு உம்மா பவுடர் என்று சின்னவளாக இருந்தபோது கேட்டிருக்கிறாள். வளர்ந்த பிறகு கேட்கவில்லை. அந்த உட்காருதல் மட்டும் தனக்கு வேண்டாம் என்று உம்மாவின் கூட்டாளிகள் அத்தனை பேர் முன்னாலும் அடித்துச் சொல்லியிருந்தாள்.

அவன் லீவு முடியப் போகிற வாரம் மெயினருவியில் வெள்ளம். பாதுகாப்பு ஆர்ச்சுக்கு மேலே தண்ணீர் போய், குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். எண்ணெய் தேய்த்த தலையோடு ஜனங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, தண்ணீரை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வைத்துத்தான் அவன் கேட்டான்.

"சனோபர்... வீட்ல ஆள் அனுப்பட்டுமா?"

எதிர்பார்த்த கேள்விதான். எத்தனையோ நாளாக அந்தக் கேள்விக்கு ஏங்கியவள்தான். ஆனாலும் கேட்டதும் அவள் கண்ணுக்கு வந்தது பவுடர் பூசிய உம்மாவின் முகம்.

"லீவுல வார மாப்பிள்ளை எனக்கு வேண்டாம்."

"கடல விட்டுட்டு வரச் சொல்லுதீகளா?" அவன் குரல் தணிந்திருந்தது. "கரைல நான் ஒண்ணுமே இல்ல, சனோபர். ஆனா நீங்க சொன்னா..."

"சொல்ல மாட்டேன். விட்டுட்டு வந்து ஒவ்வொரு நாளும் நீங்க ஏங்குதத என்னால பாக்க முடியாது. அதான் வேண்டாம்ங்கேன்."

அவன் "உங்க உம்மா கூட்டத்த நான் நல்லாப் பாத்துக்கிடுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பின்னாலேயே ஓடியிருப்பாள்.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. அவனிடமிருந்து மெயில் வரும். 'மதிப்பிற்குரிய மேடம்' என்று தொடங்கும். லைஃப் ஜாக்கெட் அளவு கேட்டிருப்பான். யாருக்காவது பிரஷர் மாத்திரை உண்டா என்று கேட்டிருப்பான். அந்த மேடத்தில் தன் பெயர் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று சனோபர் திரும்பத் திரும்பப் படிப்பாள். ஒன்றும் இருக்காது. பதிலில் 'நன்றி' என்று அடித்துவிட்டு, அதற்குமேல் ஒரு சொல் போடலாமா என்று யோசித்து யோசித்து அழிப்பாள். ஐப்பசி மழையில் பஜார் வெறிச்சோடிக் கிடக்கும்போது அவன் உட்கார்ந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்தால் கோபம் வரும். இந்தப் பாழும் மனசுக்கு என்னதான் வேண்டும்...

தை பிறந்து, உம்மாவும் கூட்டமும் கிளம்பினார்கள். "நீயும் வாயேம்ட்டீ" என்று சங்கரேஸ்வரி அத்தை எவ்வளவோ கூப்பிட்டாள். ஆபீசில் வேலை என்று சனோபர் மழுப்பினாள். தானே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவன் இருக்கிற இடத்துக்கு எந்த முகத்தோடு போவது? கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அத்தனை பெண்களும் சிரித்துக்கொண்டே போனார்கள். வெளியே நின்று கையாட்டியவள் சனோபர் ஒருத்திதான்.

மறுநாள் உம்மா வீடியோவில் வந்தாள். முழுக்கை நீச்சல் உடுப்பு, மேலே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், நெற்றியில் ஏற்றிவிட்ட நீர்க்கண்ணாடி. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கத்தினாள்.

"சனோபரு, இங்கன பாருட்டீ. கயிறு கெட்டி மிதவை போட்டு வச்சிருக்கு பாத்தியா? இது பொம்பளைக பக்கமாம். காலைல நமக்கு மட்டும். சொல்லிக் குடுக்கவளுகளும் பொம்பளப் பிள்ளைகதான். அந்தச் செங்கோட்டைப் பையன் மேனேசர்ட்ட மாசக்கணக்கா மல்லுக்கட்டி வாங்குனானாம்."

சனோபர் திரையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். "அவுக... எங்க?"

உம்மா போனைத் திருப்பினாள். கரையில், தூரத்தில், கடலுக்கு முதுகைக் காட்டி அவன் நின்றுகொண்டிருந்தான். அந்தப் பக்கம் வருகிறவர்களைக் கைகாட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். இத்தனை மாதம் கழித்து அவளுக்குக் கிடைத்தது அந்த முதுகுதான். அதைப் பார்க்கவே கண் நிறைந்துவிட்டது.

சங்கரேஸ்வரி அத்தை வாழைப்பழம்போல ஊதிய ரப்பர் படகிலிருந்து விழுந்து எழுந்து, "இனிமே நம்ம ஆம்பளைகள வீட்ல உக்கார வச்சிட்டு நாமதாம்ட்டீ கெளம்பணும்" என்று சிரித்தாள்.

சனோபர் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. எங்கள் தெருவில் போகிற ஆண்கள், வாயேன் என்று கூப்பிட்டதில்லை. இருக்கிற பெண்களும், வரட்டுமா என்று கேட்டதில்லை. போகிறவன் போவான், இருக்கிறவள் இருப்பாள் என்பதை யாரோ முன்னாலேயே முடிவு செய்ததுபோல... அவனும் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

"உம்மா, போன அவுகட்ட குடுங்க."

உம்மா ஒன்றும் கேட்காமல் கரைக்கு நடந்தாள். திரையில் மணலும் வானமும் ஆடின. பிறகு அவன் முகம். வெயிலில் கறுத்திருந்தான். அந்தக் கண்களில் பழைய சிரிப்பு இல்லை.

"சொல்லுங்க மேடம். ஏதும் கொறையா?"

"கொறைதான். என்னை மேடம்ங்கீக."

அலை இரைந்தது. அவள் குரலை உயர்த்தினாள்.

"போன பாத்துக்கிட்டே காத்துக் கெடக்கக் கூடாதுன்னுதான் அன்னைக்கு உங்கள வேண்டாம்னேன். வேண்டாம்னு சொன்ன நாள்ல இருந்து அதத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கேன். மெயில் வந்துச்சா, வந்துச்சான்னு... என்னால முடியல, அஹ்சன். நீங்க கடல விட வேண்டாம். என்னைய ஊர்ல விட்டுட்டுப் போகாதீக. கூட வாரேன்."

அவன் கண் கலங்கியதை அவளுக்குக் காட்டாமல் வேறு பக்கம் பார்த்தான்.

"இங்கன வேல செய்யவங்க குடும்பத்தோட தங்க முடியாது. பக்கத்துத் தீவுல வீடு எடுக்கணும். சின்ன வீடு. உப்புத் தண்ணி. நல்ல பரோட்டா கெடைக்காது..."

"நான் கேட்டனா பரோட்டா?"

"கூப்பிட்டா வருவீகன்னு எனக்குத் தோணவே இல்ல, சனோபர்." அவன் சிரித்தான். ஐந்தருவியில் கேட்ட அதே சிரிப்பு, பாதியிலேயே உடைந்தது. சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "போனு ஸ்பீக்கர்ல இருக்கு. உங்க உம்மா, அத்தைமார் எல்லாரும் சுத்தி நின்னு கேட்டுக்கிட்டு இருக்காக."

சனோபருக்கு முகம் குப்பென்று சூடேறியது. யார் முன்னால் அவள் சபதம் போட்டாளோ அதே கூட்டம், சொட்டச் சொட்ட, மூச்சுக் காட்டாமல் நின்றுகொண்டிருக்கிறது. போனை வைத்துவிடலாமா என்று ஒரு கணம் விரல் நகர்ந்தது. வைக்கவில்லை.

"கேக்கட்டும்" என்றாள். "அவுக முன்னாலதான வேண்டாம்னு சொல்லித் திரிஞ்சேன். இதையும் அவுக முன்னாலயே சொல்லுதேன். எனக்கு நீங்க வேணும்."