சோதிக்காத ஈரம்

பத்து நாள் மூடிக் கிடந்த கூடத்தைக் காலையில் திறந்தார்கள். சாக்கடை வாடையும் கருகிய எண்ணெய் வாடையும் ஒன்றாக முகத்தில் அடித்தன.

சாக்கடைக் கசடைப் பெரிய இரும்புக் கலனில் கொதிக்கும் கழிவு எண்ணெயில் போட்டு வறுத்து, நீரை விரட்டி, எரிபொருளாக்குவது எங்கள் வேலை. ஒவ்வொரு லோடிலும் ஈரம் எத்தனை சதவீதம் என்று சோதித்து நான் சீட்டு எழுதுவேன். அதைப் பார்த்துத்தான் ஆபரேட்டர் அண்ணன் கசடைக் கொட்டுவார். ஈரம் அதிகமானால் கொதிக்கும் எண்ணெய் பொங்கிவிடும்.

சோதிக்க மூன்று மணி நேரமாகும். பத்து நாளுக்கு முன் ஒரு காலை லாரிகள் வரிசையில் நின்றன. சோதிக்காமல் முந்தைய நாளின் ஈர அளவையே எழுதிக் கொடுத்தேன்.

எண்ணெய் பொங்கியது. அண்ணன் பிழைக்கவில்லை.

அளவு மீறிக் கொட்டிவிட்டார் என்று விசாரணையை முடித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

இப்போது அவர் மனைவிக்கு இங்கேயே துப்புரவு வேலை கொடுத்திருக்கிறார்கள். அக்கா தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த நாத்தத்தோடதான் வீட்டுக்கு வருவாரு. பூனைகூட எழுந்து போயிடும்," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏம்மா, அவரு அவ்வளவு அசட்டையான ஆளா?"

"தெரியலக்கா."

கலனுக்குள் ஒரு குமிழ் உடைந்தது.

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. காலி."

எண்ணெயை வடித்து, அடுப்பை அணைத்துப் பத்து நாளாகிறது. தொட்டுப் பார்த்தேன். இரும்பு சில்லிட்டிருந்தது.

இன்னொரு குமிழ். பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை.

ஈரக் கசடு எண்ணெயில் விழும் சத்தம் எனக்குத் தெரியும்.

பொங்கும் சத்தமும் தெரியும்.

"அக்கா, அவரு மேல தப்பில்ல. நான்தான் டெஸ்ட் பண்ணாம சீட்டு எழுதினேன்."

சத்தம் சட்டென்று அடங்கியது.

அக்கா சுரண்டியைக் கீழே வைத்தாள். அழவில்லை.

"எம் பொண்ணு, அப்பா அவரோட அசட்டையாலதான் செத்தாருன்னு அவரு போட்டோவைக்கூடப் பாக்க மாட்டேங்கறா," என்றாள் மெதுவாக. "இப்ப சொன்னத மேனேஜர்கிட்ட எழுதிக் குடுப்பியா?"

வேலை போகும். வழக்கு வரும்.

நான் பதில் சொல்லவில்லை.

கலனுக்குள் பார்க்க வைத்திருக்கும் வட்டக் கண்ணாடியில் ஆவி படரத் தொடங்கியது. முழுவதும் வெளுத்தது.

பிறகு ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அந்த ஆவியை யாரோ மெல்லத் துடைத்தார்கள்.

உள்ளிருந்து.