இரண்டுமே பொய்

கச்சேரி சாலையில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஐரினின் துப்பறியும் அலுவலகம். அன்று காலை அவர் கதவைத் திறந்தபோதே சாந்தோம் சோஃபியா படியில் காத்திருந்தார். மாதா சுரூபத்தின் வெள்ளிக் கிரீடம், சங்கிலி, ஜெபமாலை மூன்றும் தலைமுறைகளாக அவர் வீட்டுப் பெட்டியில்தான் இருந்து வந்தன. மாலையில் தேர். பெட்டியைத் திறந்தால் கிரீடம் மட்டும் இல்லை.

“சாவி இருக்கற இடம் சமையல் செய்யற சூடாமணிக்குத்தான் தெரியும். என் பொண்ணு பிறந்ததுலேர்ந்து கூட இருக்கறவ, ஐரின். அவள எப்படி போலீஸ்ல கொண்டுபோய் நிறுத்துவேன்?”

“வேற யாருகிட்ட சொன்னீங்க?”

“அண்ணன் மகன் ஷெல்டனுக்கு போன் பண்ணேன். நேத்து சாப்பிட வந்திருந்தான். ‘மாதா சாமான் ஒண்ணக் காணோம், வீட்டுக்கு வா’ன்னேன். அதுக்கு மேல பேச முடியல.”

ஐரினின் உதவியாளன் சைஃப் அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். கணிதம் படித்தவன், புதிர் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு.

சோஃபியாவின் வீட்டில் சூடாமணி சமையலறை வாசலில் அழுதபடி நின்றாள். “நான் இன்னாத்துக்கும்மா எடுக்கப் போறேன்?” என்றதைத் தவிர அவளிடம் வேறு பேச்சில்லை.

சற்று நேரத்தில் ஷெல்டன் வந்தான். கல்லூரியில் தர்க்கவியல் நடத்துபவன். அழுகிற சூடாமணியைப் பார்த்தான். யாரும் வாய் திறக்கும் முன் அவனே ஆரம்பித்தான்.

“சூடாமணி அக்காதான் கிரீடத்த எடுத்தாங்க.” ஒரு கணம் நிறுத்திச் சிரித்தான். “முதல்ல சொன்னதும் பொய், இப்ப சொல்றதும் பொய். போதுமா அத்தை?”

“விளையாடற நேரமாடா இது?” என்றார் சோஃபியா.

சைஃபுக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு அழகான வாக்கியம்.

“மேடம், அவர் ரெண்டாவதா சொன்னது உண்மையா இருக்க முடியாது. உண்மைன்னா அதுவே பொய்யாயிடும். அப்ப அது பொய். ரெண்டுமே பொய்ங்கறது பொய்ன்னா, ஒண்ணாவது உண்மையா இருக்கணும். ரெண்டாவது இல்ல. அப்ப முதல் வாக்கியம்…”

சொல்லி முடிக்காமல் சூடாமணியைப் பார்த்தான். ஷெல்டன் கையை விரித்தான். “நான் யாரையும் குத்தம் சொல்லல. கணக்கு சொல்லுது.”

ஐரின் தலையசைத்தார். “நல்லா போட்ட, சைஃப். இப்ப என்னோடதக் கேளு. கிரீடம் உன் பைக்குள்ள இருக்கு. முதல்ல சொன்னதும் பொய், இப்ப சொல்றதும் பொய்.”

அதே கணக்கு, அதே விடை. சைஃபின் கை தானாகப் பைக்குள் போயிற்று. டிபன் பாக்ஸ்தான் தட்டுப்பட்டது.

“நான் வாயத் திறந்ததால பைக்குள்ள கிரீடம் வந்துடாது,” என்றார் ஐரின். “எந்த வாக்கியமும் உண்மையா இருக்கணும், இல்லன்னா பொய்யா இருக்கணும்னு நினைச்சுதான் நீ கணக்கு போட்ட. தன்னையே பத்திப் பேசற வாக்கியம் சில சமயம் ரெண்டுலயும் சேராது. அத வச்சு எதையும் நிரூபிக்கலாம். அதனால எதையுமே நிரூபிக்க முடியாது.”

இத்தனை நாள் புதிர்களோடு புரண்டும் தனக்கு இது தோன்றவில்லையே என்று சைஃப் வியந்து நின்றான்.

“சூடாமணி, ஷெல்டன் தம்பிகிட்ட என்ன காணோம்னு சொன்னீங்களா?”

“பேசவே இல்லம்மா.”

ஐரின் திரும்பினார். “பெட்டியில மூணு சாமான் இருந்தது, ஷெல்டன். உங்க அத்தை எதுன்னு சொல்லல. நீங்க வந்ததும் கிரீடம்னீங்க. எப்படித் தெரியும்?”

ஷெல்டனின் சிரிப்பு நின்றது.

“தேர் முடிஞ்சதும் அத்தை அத கோயிலுக்கே குடுத்துடப் போறாங்க. தேர் நாள்ல தாத்தா சுமந்தது, அப்பா சுமந்தது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நேத்து சாப்பிட வந்தப்ப சாவி இருக்கற இடத்தப் பாத்துட்டேன். ஆதம்பாக்கத்துல என் ரூம்ல இருக்கு. கொண்டு வரேன்.”

வாசலை நோக்கி நடந்தவனைச் சூடாமணி மறித்தாள்.

“நில்லு தம்பி. சுத்தி வளைக்காம ஒரு தபா சொல்லிட்டுப் போ.”

அவன் தரையைப் பார்த்தான். “நான்தான் எடுத்தேன். நீங்க இல்ல.”

“சரி, எடுத்துக்கினு வா. நேரமாவுது.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள் சூடாமணி. சோஃபியா சமையலறைக்குள் போய் அவளுக்குக் காபி கலந்து கொண்டு வந்தார்.