இரண்டு வயர்க் கதவு

“டிரைவர் கதவுதான் டீச்சர் இதுல பெரியாள். அதுக்கு அஞ்சு வயர் ஈக்கி. மத்தக் கதவுகளுக்கு ரெண்டுதான். பெரியாள் பூட்டினா அதுகளும் பூட்டும், தொறந்தா தொறக்கும். தானா ஒன்டும் செய்ய ஏலா.”

“அப்ப என்ரை வகுப்பிலை இருந்த உன்னைப் போலை இல்லை.”

“நானும் ரெண்டு வயர்தான் டீச்சர். அஞ்சு வயரும் வீட்டுல பொஞ்சாதிக்கிட்ட ஈக்கி.”

மத்தியானம் தேநீர்க் கோப்பையை நீட்டியபடி பழைய மாணவன் ஷிபானோடு பேசிய பேச்சு அது. வெகுநாளைக்குப் பிறகு ஞானேஸ்வரி சிரித்திருந்தாள். இப்போது, பொழுது சாயும் நேரத்தில், குசினிக்குள் அடுப்படியில் நின்றபடி அந்தப் பேச்சை ஒவ்வொரு சொல்லாக நினைவுபடுத்திப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

மேல் தோட்டத்திலிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது. தேயிலை வாடும் மணமும் ஈரமண்ணின் மணமும் கலந்து, ஹாலிஎலப் பக்கமிருந்து வந்த புகையிரதத்தின் கூவலோடு சேர்ந்து ஜன்னலுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே, போர்ட்டிகோவின் கீழ், வேன் நின்றது. அதற்கு ரிமோட் பூட்டுப் பொருத்துவதற்காகப் பதுளை டவுனிலிருந்து வந்த ஷிபான், காலையிலிருந்து டிரைவர் கதவுச் சாவியால் எத்தனையோ தடவை பூட்டிப் பூட்டித் திறந்து பார்த்ததில், அந்த ஒலி அவளுடைய காதுக்குப் பழகிப்போயிருந்தது. முதலில் முன்னாலிருந்து ஒரு ‘டக்’. அதன் பின்னால் ஓடிவரும் பிள்ளைகளைப் போல மற்றக் கதவுகள்.

சற்று முன் கேட்டது அப்படியல்ல. முதல் ஒலி பின்னாலிருந்து வந்தது. நாக்கை அண்ணத்தில் தட்டுவது போல, மெல்ல. அவள் நிமிர்ந்து பார்த்தபோது பின்பக்கத்து இழுகதவின் பூட்டுக்குமிழ் ஏற்கனவே மேலெழும்பி நின்றது. அதற்குப் பிறகுதான் டிரைவர் கதவின் குமிழ் எழும்பியது. சிக்னல் விளக்குகள் இரண்டு தடவை மின்னி, ஈரச் சுவரில் மஞ்சளாய்ப் படிந்து அணைந்தன.

இரண்டு ரிமோட்டும் பொலித்தீன் பை பிரிக்காமல் குசினி மேசையில் கிடந்தன. வேனருகே ஒருவரும் இல்லை. கணவர் இரகுநாதன் பாண் வாங்கப் பேக்கரிக்குப் போயிருந்தார்.

அவள் ஷிபானுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“லொக் வேல செய்யவே ஏலா டீச்சர்,” என்றான் அவன், சிரித்தபடி. “அதுட ஃபியூஸக் கழட்டி என்ட சேர்ட் பொக்கட்டுல போட்டு வந்தீக்கிறேன். நாளைக்கு வந்துதான் போடணும்.”

“இப்ப திறந்தது, ஷிபான். நான் கண்ணாலை பாத்தனான்.”

மறுமுனையில் சிரிப்பு நின்றது. “எந்தக் கதவு மொதல்ல தொறந்த?”

“பின்கதவு.”

மோட்டார்சைக்கிள் உதைபட்டு உறுமுவது கேட்டது.

“இரகுநாதன் சேர அதுல ஏற உடாதீங்க டீச்சர். நான் வாரேன்.”

அவனுக்கும் தெரியும். பதுளை முழுவதற்கும் தெரிந்த கதைதான். சுற்றுலா ஊரான எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு மலைநாடு சுற்றலாம் என்று, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, தகப்பனும் மகனுமாக ஆசைப்பட்டுச் செய்த வேன் அது. போன மழைக்காலம் மதுரன் அதைத் தனியே ஓட்டிப் பார்க்கப் போனான். ஹல்துமுல்லைக்கு மேலே தெருவோரம் நிறுத்தி, குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். புகை. பின்கதவின் உட்கைப்பிடி உடைந்து கிடந்தது. “நாளைக்குப் போட்டுத் தாறன்” என்று தகப்பன் சொல்லியிருந்த கைப்பிடி. கண்ணாடியை உடைத்தவர்கள் பிள்ளையைக் கட்டிலில் காணவில்லை. கதவோரம் கண்டார்கள்.

“இனி ஒருத்தரும் இதுக்குள்ளை மாட்டுப்படக்கூடாது,” என்று சொல்லித்தான் இரகுநாதன் தொடங்கினார். முதலில் கைப்பிடி. பிறகு இரண்டாவது பற்றரி, உள்விளக்கு, புகையை வெளியே தள்ளும் மின்விசிறி. கடைசியாக, எங்கிருந்தும் திறக்கக்கூடிய இந்தப் பூட்டு. வேலை முடிந்ததும் வேனிலேயே யாழ்ப்பாணம் போய்விடுவோம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சண்டைக்காலத்தில் மூடியிருந்த பாதைதான் திறந்தாயிற்றே. உரும்பிராயில் அவளுடைய அண்ணர் வீட்டை வெள்ளையடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அங்கே போனால் மனுசன் சாப்பிடுவார், நித்திரை கொள்வார், நாலுபேரோடு கதைப்பார். பிள்ளையை இந்த வேனுக்குக் கொடுத்தவள் புருசனையாவது இதிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும் என்று மட்டுமே ஆசைப்பட்டாள். அதற்காகத்தான் ஒவ்வொரு பொருத்தலுக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

ஆனால் பொருத்தியவை எதுவும் சும்மா இருக்கவில்லை. விளக்கு அதிகாலைகளில், ஊதினால் அணைந்துவிடும் போல, மங்கலாக எரிந்தது. மின்விசிறி யாரோ விரலால் தள்ளிப் பார்ப்பது போல அரைவட்டம் சுழன்று நின்றது. பற்றரிக் கோளாறு என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். இரகுநாதன் தன்னைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பின்னேரங்களில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். சாப்பிட வரும்போது சுவெட்டரில் கரி மணக்கும். “ஞானம், உம்மட்டை ஒண்டு கேக்க வேணும்,” என்று தொடங்குவார். அவள் நிமிர்ந்து பார்த்தால் உப்பைக் கேட்பார்.

வாசல் படலை கிரீச்சிட்டது. இரகுநாதனின் குடை.

அவள் செருப்பில்லாமலே ஓடினாள்.

“இஞ்சேருங்கோ, அதுக்குள்ளை ஏறாதேங்கோ. ஷிபான் வாறான்.”

“விளக்கு எரியுதப்பா. நிப்பாட்டிப்போட்டு வாறன்.”

உண்மைதான், வேனுக்குள் விளக்கு எரிந்தது. அவர் பாணை அவளுடைய கையில் வைத்தார். அது இன்னும் சூடாயிருந்தது. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் வீட்டுக்குள் போகிறவர் போல ஏறினார். கதவு இழுபட்டுச் சாத்திக்கொண்டது.

டக்.

பின்கதவு. பிறகு மற்றவை.

அவள் குசினிக்கு ஓடி ரிமோட்டுகளை எடுத்துவந்தாள். பையைப் பல்லால் கிழித்தாள். அழுத்தினாள். ஒன்றுமில்லை. மற்றதை அழுத்தினாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. சாவி அவருடைய பொக்கட்டில்.

“என்னப்பா, திறவுங்கோ.”

கதவு இடுக்கிலிருந்து கரிமணம் வந்தது.

கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்ளே கட்டிலில் இருக்கும் ஒருவருடைய வாயின் உயரத்தில், வட்டமாக. அது விரிந்தது. சுருங்கியது. அவருடைய மூச்சு என்று அவளுக்குத் தெரிந்தது, உயிரோடிருக்கிறார் என்று நெஞ்சு ஆறியது. அப்போதுதான் பக்கத்தில் இன்னொரு வட்டத்தைக் கண்டாள். அதுவும் விரிந்தது. அதுவும் சுருங்கியது. முதலாவது சுருங்கும்போது இது விரிந்தது.

மாறி மாறி.

அவள் தட்டினாள். உள்ளங்கையால். பிறகு முட்டியால்.

உள்ளிருந்து பதிலுக்குத் தட்டல் வந்தது. கட்டில் பக்கமிருந்து அல்ல. கதவின் அடியிலிருந்து. விழுந்து கிடக்கும் ஒருவருக்குக் கை எட்டும் உயரத்திலிருந்து.

அவள் நிறுத்தினாள். அதுவும் நின்றது.

தெருவைப் பார்த்தாள். மோட்டார்சைக்கிள் ஒன்றும் வரவில்லை. மேலே தோட்டத் தொழிலாளரின் லயத்து விளக்குகள் மழைக்குள் கரைந்து கிடந்தன. கத்தினால் கேட்காது.

டக்.

ஒரு குமிழ் மட்டும் எழும்பியது. பின்கதவு பாதிவரை தானே விலகி நின்றது.

சூடான காற்று அவளுடைய முகத்தில் அடித்தது. உள்ளே, மங்கிய விளக்கில், இரகுநாதன் கட்டிலின் ஒரு கரையில் இருந்தார். சப்பாத்துகளைக் கழற்றிச் சோடியாக வைத்திருந்தார். தோளில் போர்வை. அது அவருடைய தோளிலிருந்து பக்கத்துக்குப் போய், அங்கே ஒருவருமில்லாத இடத்தில், இன்னொரு தோளின் மேல் கிடப்பது போலக் கிடந்தது. சரியவில்லை. அவருடைய கை அதைச் சுற்றி அணைத்திருந்தது. அணைப்புக்குள் போர்வை மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது.

“இறங்குங்கோப்பா,” என்றாள் அவள். கையை நீட்டினாள். “விடிய யாழ்ப்பாணம் போவம். பஸ்ஸிலை போவம். வாங்கோ.”

அவர் நீட்டிய கையைப் பற்றிக்கொண்டார். இறங்கவில்லை. பிள்ளை போன நாளிலிருந்து அவள் காணாத சிரிப்பொன்று அவருடைய முகத்தில் இருந்தது. கட்டிலின் மறுகரையில் இன்னொரு தலையணை தட்டிச் சரிசெய்து வைக்கப்பட்டிருந்தது. நெஞ்சில் கிடந்த பாரத்தை இறக்கி வைப்பவரைப் போல, மெல்ல, அன்பாக, அவர் சொன்னார்.

“கனநாளா உம்மட்டைக் கேக்க வேணும் எண்டு இருந்தனான், ஞானம். நீரும் உள்ளுக்கை வாரும். அவனுக்கு எங்கட நடுவிலை படுக்க வேணுமாம்.”