ஒரே வீட்டுச் சாமான்

சாப்பாட்டு மேசையின் நாற்காலிகளில் ஒன்று, யாரோ சாப்பிட்டு எழுந்து போன மாதிரி சற்றுப் பின்னால் தள்ளிக் கிடந்தது. முந்தைய நாள் மாலை பூட்டும்போது எல்லா நாற்காலிகளையும் மேசையோடு ஒட்டிப் போட்டது காப்பாளருக்கு நன்றாக நினைவிருந்தது. தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே போய் அதை மறுபடி தள்ளிவைத்தாள். பெருக்குகிற அம்மாளின் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் இரண்டு நாளாக லீவில் இருப்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

ஊர் வரலாற்றுச் சங்கம் நடத்துகிற அருங்காட்சியகம் அது. ஊர்க்காரர்கள் கொடுத்த கட்டில், கடிகாரம், தையல் மிஷின் என்று ஒரு பழைய மாடி வீடு முழுக்க அடைசலாக நிறைந்திருந்தது. சங்கத்தின் செயலாளர் நல்ல மனிதர்தான், தும்முவதாக இருந்தாலும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டுத் தும்முகிற ரகம். அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ஒரு வீட்டிலிருந்து எத்தனை சாமான் வந்தாலும் அவற்றை ஒரே அறையில் வைக்க விடமாட்டார். மேசை இங்கே என்றால் நாற்காலி மாடியில். ஏன் என்று கேட்டால், "பழகிப்போச்சும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த வேலைக்கென்றே படித்துவிட்டு வந்தவளுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு குடும்பம் புழங்கிய பொருள்களைத் திசைக்கொன்றாகப் போட்டுவைத்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன விளங்கும்? செயலாளர் கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, கேட்பார் இல்லாமல் பூட்டிக்கிடந்து சங்கத்துக்கு வந்து சேர்ந்த ஒரு வீட்டின் சாமான்களையெல்லாம் தேடித் திரட்டினாள். கீழே பின்னறையில் அந்த வீட்டை அப்படியே எழுப்பினாள். கிடங்கில் கவிழ்ந்து கிடந்த ஒரு சின்ன நாற்காலிதான் கடைசி. குழந்தைக்கென்று அளவெடுத்துச் செய்தது. அதையும் மேசையருகில் போட்டதும் அறை நிறைந்துவிட்டது.

அந்த அறையின் திறப்பு விழா அழைப்பிதழுக்குப் படம் வேண்டியிருந்தது. வெறும் சாமானைப் படம் எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று, பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த மகளை அந்தச் சின்ன நாற்காலியில் உட்காரவைத்தாள். படம் எடுக்க வந்தவர், "அந்த வீட்டுப் பொண்ணேதான் போங்க" என்று சிரித்தார். அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

மேசை நாற்காலி பின்னால் தள்ளிக் கிடந்தது அதற்குப் பிறகுதான். அதிலிருந்து ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. பூட்டிவைத்த அறையைக் காலையில் திறந்தால், பழம்பொருள்களுக்கே உரிய தூசியும் பூச்சிமருந்தும் கலந்த நெடி போய், இப்போதுதான் குளித்துவிட்டுப் போனவர்களின் சோப்பு வாசனையும், பிழிந்து உலர்த்திய துணியின் ஈர வாசனையும், அவற்றுக்கு அடியில் லேசாக, ரொம்ப லேசாக, மூடிய அறையில் பலர் சேர்ந்து தூங்கி எழுந்த வெதுவெதுப்பும் முகத்தில் வந்து மோதும். தட்டுகளில் தூசி படியவில்லை. ஒரு மத்தியானம் பெரிய நாற்காலியின் இருக்கையைத் தற்செயலாகத் தொட்டாள். சூடாக இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த அறையில் ஜன்னல் கிடையாது.

மகள் குட்டி வழக்கமாக வாசல் மேசையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். இப்போது புத்தகப்பையை வாசலிலேயே போட்டுவிட்டு நேரே பின்னறைக்குப் போனாள். எத்தனை முறை அதட்டினாலும் கேட்கவில்லை. வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான். அப்பா கப்பல் வேலைக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த குட்டி தட்டில் கையை வைக்காமலே இருந்தாள்.

"சாப்பிடேன்டி. ஆறிப்போகுது."

"அப்பா வரட்டும்."

"அப்பா கப்பல்ல இருக்காருடா செல்லம்."

"அந்த அப்பா இல்ல" என்றாள் குட்டி. அம்மா என்று சொல்ல வாயெடுத்து, ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டாள்.

தாய் அந்தத் தட்டை மூடிவைத்தாள். இனிமேல் குட்டியை அங்கே கூட்டிப்போவதில்லை என்று முடிவு செய்தாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு வந்து, செயலாளருக்கு போன் போட்டாள். திட்டுவார் என்றுதான் நினைத்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது வேறு.

"எல்லாத்தையுமா சேத்துட்டீங்க? அந்தச் சின்ன நாற்காலியையுமா?"

"ஆமா சார். ஏன்?"

"ஒரு வீட்டுச் சாமான் பூராவும் ஒண்ணா சேந்தா அது வீடாயிடும்மா. வீடுன்னா ஆளுங்க இருப்பாங்கல்ல." அவர் குரல் கரகரத்தது. "எனக்கு அதுக்கு மேல தெரியாது. அந்த நாற்காலிய மொதல்ல வெளிய எடுத்துடுங்க. யாரும் அதுல உக்காரலல்ல?"

கண்முன் அழைப்பிதழ்ப் படம் வந்து நின்றது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலமே இருட்டிவிட்டது. போனை வைத்தபோது வாசல் மேசையின்மேல் குட்டியின் புத்தகப்பை இருந்தது. சொட்டச் சொட்ட நனைந்து.

பின்னறைப் பக்கம் ஓடினாள். நடை நீளமாக இருந்தது. கோடியில் பின்னறையிலிருந்து வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது. மேசைமேல் காட்சிக்கு வைத்திருந்த விளக்குக்கு எண்ணெயும் கிடையாது, திரியும் கிடையாது. அவளே துடைத்து வைத்த விளக்கு. தட்டு நகரும் சத்தம். டம்ளர் வைக்கும் சத்தம். ஒரு ஆணின் இருமல். பிறகு எல்லாம் நின்றது.

குட்டி சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மற்ற நாற்காலிகள் இழுத்துப் போடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மெத்தையும் அழுந்தியிருந்தது.

"குட்டி, எந்திரி. வீட்டுக்குப் போலாம்."

குட்டி நிமிர்ந்து பார்த்தாள். முன்பின் தெரியாதவர்களைப் பார்க்கிற மரியாதையான பார்வை.

"உள்ள வரக் கூடாது ஆன்ட்டி. கயிறு கட்டியிருக்கு பாருங்க."

அவள் கயிற்றைத் தாண்டினாள். மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது, ஆள் வரவில்லை. எலும்பும் தோலுமான பிள்ளை, தரையில் வேர்விட்ட மாதிரி இருந்தாள். அவள் அழுதாள். "நான் உன் அம்மாடி" என்றாள். கெஞ்சினாள். குட்டி சங்கடத்தோடு அவளுக்குப் பின்னால் யாரையோ பார்த்தாள். இதற்கு என்ன சொல்வது என்று கேட்கிற பார்வை.

பின்னால் சேலை உரசியது. மூச்சு. ஈர சோப்பு வாசனை அவள் தோளைக் கடந்து போயிற்று.

அவள் பிடி தானாக விட்டது.

குட்டியின் பின்னலில் இருந்த ரிப்பன் அவிழ்ந்து மடியில் விழுந்தது. கூந்தல் பிரிந்தது. எந்தக் கையும் இல்லாமல், அது பொறுமையாக மூன்று கற்றையாகி, அந்தரத்தில் நின்று, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி இறுகத் தொடங்கியது. குட்டி பின்னலின் இழுப்புக்குத் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். லேசாக முகம் சுளித்தாள்.

"மெதுவா, அம்மா" என்றாள், பின்பக்கம் திரும்பி.