படுக்கையில் இருக்கிறார்

ஃபரீஹா, நீ தூங்கிட்டிருப்ப. ஒரு டிக்குதான் காட்டுது. பரவால்ல, பேசிக்கினே இருக்கேன், எழுந்ததும் கேளு. உங்க அண்ணன் ஷாரிக் பக்கத்துல இருந்தா ஹெட்செட் போட்டுக்க. அவன் சிரிப்பான்.

இன்னிக்கு சாயந்திரம் பப்பா நிக்காம மாடி ஏறி வந்தாரு.

இதுல என்னடின்னு கேப்ப. எங்க வீட்டு மாடிப்படி நீ பாத்திருக்க இல்ல, குறுகலா, இருட்டா, இருபத்திரெண்டு படி. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கு மூணு எடத்துல உக்காந்துதான் ஏறினாரு. ஏழாவது படிகிட்ட செவுத்துல ஒரு எண்ணெக் கற இருக்கும், அது அவரு கைய ஊனி ஊனி வந்த கற. இன்னிக்கு ஒரு கையில இரும்புக் குண்டுப் பையத் தூக்கிக்கினு, விசிலடிச்சிக்கினு, ஒரே மூச்சுல மேல போயிட்டாரு. டியூஷன் முடிச்சி நான் பின்னாடியே வந்தேன். ஏழாவது படியில எனக்கு மூச்சு முட்டி நின்னுட்டேன். என் கை தன்னால போயி அந்தக் கறமேல ஊனிக்கிச்சு.

உனக்குத் தெரிஞ்சதையும் சேத்தே சொல்றேன். வரிசையா சொன்னாதான் எனக்கே நம்ப முடியும்.

அட்டாக் வந்து பப்பாவ வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரில ஒரு ஷீட்டு குடுத்தாங்க. கருப்பா, பரீட்ச அட்ட மாதிரி மெல்லிசா இருக்கும். மெத்தைக்கு அடியில வெச்சிடணும், அவ்ளோதான். மேல படுக்கறவங்க நெஞ்சு எத்தன வாட்டி அடிக்குது, எத்தன வாட்டி மூச்சு வாங்குறாங்க, எல்லாத்தையும் எடுத்து அவங்க சென்டருக்கு அனுப்பிடும். அங்க ராத்திரியெல்லாம் நிர்மலாதேவி சிஸ்டர் உக்காந்து பாப்பாங்க. மம்மா போன்லயும் என் போன்லயும் ஆப் இருக்குது. பப்பா படுத்திருந்தா 'படுக்கையில் இருக்கிறார்'னு பச்சையில வரும். எழுந்து பத்து நிமிஷம் ஆச்சுன்னா செவப்பாயிடும், சிஸ்டர் போன் பண்ணிடுவாங்க. அங்கேர்ந்துதான் போன் வரும், நாம திருப்பி அடிச்சா போவாது. ராத்திரிக்கு என் நம்பரத்தான் குடுத்திருந்தோம். மம்மாவுக்கு சேதராப்பட்டு மாத்திர கம்பெனியில நைட் ஷிப்ட்டு. உள்ள போவும்போதே போன லாக்கர்ல போட்டுடணும், மூணு மணி பிரேக்லதான் எடுப்பாங்க.

டாக்டர் அன்னிக்கு ஒரு கிராப் காட்டினாரு. "இது உங்க அப்பா கையெழுத்து மாதிரி. மூணு அடிக்கும், ஒண்ணு விட்டுடும். திரும்ப மூணு. ராத்திரில வெளிய போவக்கூடாது, குடிக்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது"ன்னாரு.

பப்பாவ உனக்குத் தெரியும். பதினஞ்சு வருஷம் பிரெஞ்சு பட்டாளத்துல சொல்தாவா இருந்தவரு, படுத்துக் கெடன்னா கெடப்பாரா? குருசுக்குப்பத்துல காத்தவராயன் மாமா வீட்டுக்குப் பின்னால ராத்திரி லைட்டப் போட்டு பெத்தாங் ஆடுவாங்க. இரும்புக் குண்ட வீசி யாருது சின்னக் கட்டைக்குக் கிட்ட நிக்குதுன்னு பாக்கற ஆட்டம். அது இல்லாம அவரால இருக்க முடியாது.

"பொலின், ஒரு மணி நேரம் என் பெட்ல படுத்துக்கம்மா. மம்மாவுக்குப் பச்ச தெரியும், சிஸ்டருக்கும் நிம்மதி. நான் ஆடக்கூட மாட்டேன், கடக்காத்து வாங்கிக்கினு வந்துடுறேன்."

"சிஸ்டர் கேட்டா?"

"பப்பா தூங்குறாருன்னு சொல்லு. வந்து தூங்கத்தானே போறேன்? கொஞ்சம் முன்னாடியே சொல்ற, அவ்ளோதான்."

கண்ணடிச்சாரு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. மம்மாவுக்குத் தெரியாம எங்க ரெண்டு பேருக்கும் மட்டும் ஒரு ரகசியம். அது எனக்குப் புடிச்சிருந்துச்சு, ஃபரீஹா. அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

அவரு பெட்டுக்கு நடுவுல ஒரு பள்ளம் இருக்கும், இத்தன வருஷமா அவரு ஒடம்பு படுத்துப் படுத்து வந்த பள்ளம். அதுல நான் எறங்கினதும் தைலமும் பழைய சிகரெட்டும் ஆஸ்பத்திரி சோப்பும் கலந்த வாசன மூக்குல ஏற, மெத்த இன்னும் அவரு சூட்டோடவே இருக்க, மேல ஃபேன் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு வாட்டி கிரீச்சுன்னு இழுக்க, கீழ தெருவுல அவரு ஸ்கூட்டர ஸ்டார்ட் பண்ணாம தெருமுன வரைக்கும் தள்ளிக்கினு போற சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு. போனப் பாத்தேன். எழுபத்திரெண்டு. பச்ச. அந்தப் பள்ளம் எனக்கு ரொம்பப் பெருசா இருந்துச்சு.

மொத நாள் மட்டும்தான் பெருசா இருந்துச்சு.

ஒரு மணி நேரம் ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. மொதல்ல ஒரு குண்டத் தூக்கவே ரெண்டு கையும் வேணும் அவருக்கு. பத்து நாள்ல மூணையும் பையில போட்டு வெரல்ல மாட்டிக்கினு போனாரு. போவும்போது பையில அதுங்க ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். டிக். டிக். கால் வீக்கம் வத்திப்போயி பட்டாளத்து ஷூ திரும்ப சேந்துடுச்சு. எனக்கு சாக்ஸ கழட்டினா கோடு அப்படியே பதிஞ்சிருக்கும். நீதான கேட்ட, "என்னாடி, காலு ஆயம்மா கட வட மாதிரி உப்பிக்கினு இருக்குது"ன்னு? நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து கட்டவெரலால அழுத்திப் பாத்தேன். குழி விழுந்துச்சு. எழவே இல்ல. அட்டாக் வந்தப்ப பப்பா காலும் அப்படித்தான் இருந்துச்சு.

முந்தாநேத்து ராத்திரி சிஸ்டர் கிட்டேர்ந்து போன்.

"பொலின், அப்பா தூங்குறாரா?"

"தூங்குறாரு சிஸ்டர்."

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா. இன்னிக்கு செக்கப்புக்கு வந்தாரு இல்ல, டாக்டரே கை குடுத்தாரு. இருவது வயசுப் பையன் இதயமாம். ஆனா ராத்திரி ஷீட்டுல பாத்தா நாப்பத்தஞ்சு காட்டுது. மூணு அடிச்சி ஒண்ணு விடுது. அந்த பெட்ல வேற யாராச்சும் படுக்கறாங்களா?"

நான் அந்த பெட்டுலதான் படுத்துக்கினு இருந்தேன்.

"இல்ல சிஸ்டர்"னு சொன்னேன். வெச்சிட்டேன். கழுத்துல வெரல வெச்சேன். மூணு. அப்புறம் ஒண்ணுமே இல்ல, வெரலுக்குக் கீழ கதவு சாத்தின மாதிரி. அப்புறம் மூணு.

பப்பா ரெண்டு மணிக்கு வந்தாரு. மேலெல்லாம் கடல் வாசன. எல்லாத்தையும் சொன்னேன். பதறுவாரு, மம்மாவக் கூப்புடுவாரு, என்னைத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாருன்னு நெனச்சேன். அவரு என் மூஞ்சியக்கூடப் பாக்கல. மொதல்ல காலத்தான் பாத்தாரு. மண்டி போட்டு உக்காந்து, கணுக்கால்ல கட்டவெரல வெச்சி அழுத்தி, அந்தக் குழியவே பாத்துக்கினு இருந்தாரு.

"எப்பலேர்ந்து பப்பா?" நான்தான் கேட்டேன். அவரு கேக்கல.

"நாலாவது நாள்லேர்ந்து. படி ஏறும்போதே தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சும் என்னைப் படுக்க சொன்னீங்களா?"

எழுந்து கை கழுவினாரு. நெறைய நேரம் கழுவினாரு. "உனக்குப் பதினாறு வயசும்மா. சின்ன ஒடம்பு. தாங்கும்." துண்டுல தொடச்சிக்கினே, "இன்னும் ரெண்டு நாள் போதும்." கெஞ்சல, அழல. கடையில இன்னும் கால் கிலோ போடுன்னு சொல்ற மாதிரி சொன்னாரு.

மாட்டேன்னேன். மம்மா கிட்ட சொல்லிடுவேன்னேன். காலையில மம்மா வந்ததும் சொல்லத்தான் போனேன், ஃபரீஹா. வாசல்லயே பப்பா அவங்களத் தூக்கி ஒரு சுத்து சுத்தினாரு. மம்மா செருப்பு ஒண்ணு கழண்டு விழுந்துச்சு. "விடுங்க பால், புள்ள பாக்குது"ன்னு பப்பா பேரச் சொல்லிச் சிரிச்சாங்க, அப்புறம் அப்படியே அழுதாங்க. "மாதாவே, எனக்குத் திரும்பக் குடுத்துட்ட"ன்னு அழுதாங்க. ஒண்ணு திரும்பக் கெடச்சா இன்னொண்ணு போவும்னு எப்படிடி சொல்லுவேன்?

நேத்து அவரு வெளிய போவல. நானும் அந்த ரூம் பக்கம் போவல.

இன்னிக்கு சாப்புடும்போது ரொம்ப சாதுவா இருந்தாரு. "நீ சொன்னது சரிதாம்மா. இனிமே உன் ரூம்லயே படு. ராத்திரிக்கு என் நம்பரையே சென்டர்ல குடுத்துட்டேன், உன் தூக்கம் கெட வேணாம்." பால் சூடு பண்ணிக் குடுத்தாரு. என் பெட்ஷீட்டுகூட மாத்தி விட்டாரு. அவரு ஒரு நாளும் பெட்ஷீட் மாத்தினது கெடயாது. ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்து, பிரெஞ்சுல குட் நைட்டு, 'போன் நுய்'னு சொன்னாரு. எனக்கு வெக்கமா போச்சு, என் பப்பாவப் போயி என்னென்ன நெனச்சேன்னு. ஆனாலும் கதவ உள்பக்கம் தாப்பா போட்டுட்டுத்தான் படுத்தேன்.

படுத்ததுலேர்ந்து எழுந்துக்க முடியல. பால் குடிச்சதாலன்னு நெனச்சேன். இப்ப மணி பன்னெண்டே கால். நடுவுல ஒரு வாட்டி ஆப்பத் தொறந்து பாத்தேன். பச்ச. படுக்கையில் இருக்கிறார். நாப்பத்தொண்ணு. அப்பாடா, படுத்துட்டாருன்னு இருந்துச்சு. நாப்பத்தொண்ணப் பாத்து பாவமாக்கூட இருந்துச்சு. நான் படுக்காததால அவரு சீக்கு அவருக்கே திரும்பிடுச்சுன்னு.

இரு.

ஹால்ல ஏதோ சத்தம்.

டிக்.

குண்டுப் பை. கேட்டுச்சா உனக்கு? திரும்ப. டிக். டிக். என் கதவுக்கு வெளியதான். நிக்குறாரு. கதவுகிட்ட நின்னு ஏதோ கேக்கறாரு.

வெளித் தாப்பா. போட்டுட்டாரு. ஃபரீஹா, வெளியேர்ந்து தாப்பா போட்டுட்டாரு.

படி எறங்குறாரு. ரெண்டு ரெண்டு படியா, சின்னப் பையன் மாதிரி.

அவரு கீழ போயிட்டாரு. பச்ச மாறல. பாத்துக்கினே இருக்கேன், மாறல. படுக்கையில் இருக்கிறார். முப்பத்தெட்டு. அந்த பெட்ல யாரு?

நம்பர் பக்கத்துல ஒரு புள்ளி துடிக்கும். மூணு. விடுது. கழுத்துல வெரல வெச்சிருக்கேன். மூணு. விடுது. ரெண்டும் ஒண்ணா அடிக்குது. ஒண்ணாவே விடுது.

என் மெத்தையில பள்ளம் கெடயாதுடி. போன வருஷம்தான் வாங்கினோம். இப்ப இருக்குது. முதுகு, தோளு, எல்லாம் கரெக்டா உக்காந்திருக்குது. தைல வாசன. பழைய சிகரெட்டு.

கைய அடியில விடறேன்.

மெல்லிசா இருக்குது. பரீட்ச அட்ட மாதிரி. சூடா இருக்குது.

உருண்டு கீழ விழுந்துடலாம்னு பாக்கறேன். பள்ளம் விடல. மம்மா போன் அடிச்சிக்கினே போவுது. லாக்கர்ல அடிக்கும். கத்தினா காத்துதான் வருது.

கீழ ஒரு போன் அடிக்குது. என்னுது இல்ல.

"ஹலோ... சொல்லுங்க சிஸ்டர். ஆமா, பால்தான் பேசுறேன். நானேதான்." சிரிக்கிறாரு. ஜன்னலுக்கு நேர் கீழ நின்னு சிரிக்கிறாரு. "முப்பத்திநாலா? அன்னிக்கு செக்கப்புல டாக்டரே பாத்தாரே சிஸ்டர், குதிர மாதிரி இருக்கேன். மிஷினு தப்பாக் காட்டுது. அந்த அலாரத்த நிறுத்திடுங்க. சத்தம் போடாதீங்க, பொண்ணு தூங்குது. பாவம்."

ஆப்புல மணி படம் மேல ஒரு கோடு விழுது.

இன்னிக்கு அவரு வண்டியத் தள்ளிக்கினு போவல. வாசல்லயே ஸ்டார்ட் பண்ணாரு.

ஃபரீஹா.

இருவத்தொம்பது.

பச்ச.